வாசற்கோலத்துக்கு விஞ்ஞானச் சாட்சி வேண்டுமா?

நம் வீடுகளில் வழிவழியாக வந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு சம்பிரதாயத்தின் பின்னாலும் ஒரு விஞ்ஞான உண்மை மறைந்திருக்கிறது என்றும், அதை நேரே சொன்னால் பாமர மக்கள் கேட்கமாட்டார்கள் என்று கருதிய முன்னோர்கள் தெய்வத்தின் பேராலும் தோஷத்தின் பேராலும் அச்சமூட்டி அதை நடைமுறைப்படுத்தி வைத்தார்கள் என்றும் ஓர் அபிப்பிராயம் இப்போது எங்கும் பரவி நிற்கிறது. கலியாணப் பந்தல்களிலும் கோயில் விழா மேடைகளிலும் இதைக் கேட்கிறோம். கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் செய்திகளில் நாள்தோறும் படிக்கிறோம். படிக்காதவர்களைவிடப் படித்தவர்களே இதை மிகுதியாக நம்புகிறார்கள். நல்லெண்ணத்திலிருந்து பிறந்த அபிப்பிராயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்பத்தாளை மூடநம்பிக்கைக்காரி என்று பேரன் இகழ்ந்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது. ஆயினும், அப்பத்தாளுக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருங்கே அநீதி இழைக்கும் அபிப்பிராயம் அது என்பது என் துணிபு. வைகைக் கரையிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இன்றும் வழக்கில் இருக்கும் சம்பிரதாயங்களையே எடுத்துக்கொண்டு அதனை நிறுவ முயல்கிறேன்.

வாசலிலிருந்தே தொடங்கலாம். விடியுமுன் சாணம் கரைத்துத் தெளிப்பது கிருமிகளைக் கொல்வதற்கு என்றும், அரிசிமாவினால் கோலமிடுவது எறும்புகளுக்கு வாசலிலேயே உணவளித்து அவை வீட்டுக்குள் புகாமல் தடுப்பதற்கு என்றும், குனிந்து நிமிர்ந்து புள்ளி வைப்பது பெண்களுக்குத் தேகப்பயிற்சி என்றும் சொல்கிறார்கள். மண்தரையில் சாணநீர் தெளித்தால் புழுதி அடங்கும். மெழுகிய தரை வெடிக்காமல் இறுகி நிற்கும். இவை கண்ணால் காணும் பயன்கள், எந்தப் பெண்ணும் இவற்றை மறைத்துச் சொன்னதில்லை. கிருமியைக் கொல்லும் என்பதோ உண்மைக்கு நேர்மாறான கூற்று. பசுவின் குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் சாணத்தோடு வெளிவருகின்றன. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கால்நடைச் சாணத்திலும் அது கலந்த மண்ணிலும் தங்கி நெடுங்காலம் அழியாதிருக்கின்றன. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் சாணம் அப்பும் வழக்கம் இந்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. அதனால் மாண்ட சிசுக்கள் அநேகம். தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகே, 2015-ஆம் ஆண்டில், தாய்சேய் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. சாணத்தைக் கிருமிநாசினி என்று இளம் தாய்மார்களின் காதில் ஓதுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோலத்தைப் பற்றிய வியாக்கியானமும் அப்படியே தளர்ந்து விழுகிறது. இன்று மதுரைத் தெருக்களில் கூவி விற்கப்படும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த மாவு. எறும்பு அதைத் தீண்டுவதில்லை. எறும்புதான் காரணமென்றால், அரிசிமாவு அரிதான அன்றே கோலமும் அரிதாகியிருக்க வேண்டும். மாறாக, மார்கழி பிறந்ததும் தெருவின் அகலம் முழுவதும் விரிந்து, நடுவில் சாணி உருண்டையின் மேல் பூசணிப் பூவைத் தாங்கி நிற்கிறது. கோலத்தின் பொருளை அறிய விரும்புகிறவர் கோலம் போடப்படாத வாசலைப் பார்க்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் கோலமில்லை. வெற்று வாசலைக் கண்ட தெருவார், ஒரு சொல்லும் கேளாமலே, இங்கே துக்கம் நேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மீண்டும் கோலம் விழும் நாளில் அவ்வீடு தெருவோடு மறுபடி சேர்ந்துவிட்டது என்று அறிகிறார்கள். தேகப்பயிற்சியும் எறும்பின் பசியும் காரணமாயின், துக்க நாட்களில் கோலத்தை நிறுத்துவதற்கு நியாயமே கிடையாது.

மஞ்சளைக் குறித்து எதிர்வாதிகள் சொல்வதில் ஒரு பாதியை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது இந்நாட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த வைத்தியம். அமெரிக்காவில் அதற்கு 1995-இல் தனியுரிமை வழங்கப்பட்டபோது, நம் நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு வழக்காடி, பழைய ஆதாரங்களைக் காட்டி, 1997-இல் அதை ரத்துச் செய்யவைத்தது. ஆனால் புண்ணில் பற்றுப்போடும் மஞ்சளும், தீபாவளிப் புத்தாடையின் ஓரத்தில் விரல்நுனியால் தொட்டு வைக்கும் மஞ்சளும் ஒரே காரியத்தைச் செய்வன அல்ல. முன்னது மருந்து, பின்னது மங்கலம். இந்த வேற்றுமையை அப்பத்தாள் ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை. காயத்துக்கு எவ்வளவு அரைக்க வேண்டும், எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று கணக்காகச் சொல்லுவாள், சேலை ஓரத்துப் பொட்டுக்கு அவளிடம் அளவு கிடையாது. குழப்பிக்கொள்கிறவர்கள் அவளுக்காகப் பரிந்து பேசப் புறப்பட்ட வியாக்கியானகர்த்தாக்களே.

இனி, மிகவும் செல்வாக்குப் பெற்றுவிட்ட வாதத்துக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்துவைப்பது ஏன்? ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில், கத்திரி வெயிலில் பிரசவம் நேரும். தாயும் சேயும் வாடுவார்கள். அதைத் தவிர்க்கவே முன்னோர் இவ்வாறு விதித்தார்கள் என்பது விடை. கேட்டவுடனே நெஞ்சில் பதியும் விடை இது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கருத்தரித்த நாளிலிருந்து பிரசவம் வரை ஏறத்தாழ 266 நாட்கள். ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை நடுவில், கருவுற்றவளுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஆடிக் கடைசியில் கருவுற்றவளுக்கு மே மாதத்தின் இரண்டாம் வாரத்திலும் குழந்தை பிறக்கும். அக்கினி நட்சத்திரமோ மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மே 28 வரை நீடிக்கிறது. அந்நாட்களில் பிறக்கும் குழந்தைகளிற் பெரும்பாலோர் ஆவணியில் கருவானவர்கள். வெயில்தான் காரணமென்றால் ஆவணியில் அல்லவா தம்பதிகளைப் பிரித்திருக்க வேண்டும்? அந்த ஆவணியையோ நம்மவர் கலியாண மாதமாகக் கொண்டாடுகிறார்கள்.

கணக்கை விட்டுவிட்டாலும் ஆட்சேபம் தீராது. மூன்றாம் பிள்ளை பெறப்போகும் தாய்க்கும் வெயில் ஒன்றுதான். ஆனால் ஆடியில் தாய்வீடு போகிறவள் புதுப்பெண் ஒருத்தியே. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரார் சொன்ன காரணம் ஜோதிட நம்பிக்கையைச் சேர்ந்தது; அதை அவர்கள் மறைக்கவுமில்லை. அதற்கப்பாலும் இவ்வழக்கத்துக்குள் இருக்கும் பொருளைக் காண விரும்பினால் ஆடிச்சீரைப் பார்க்க வேண்டும். புதிதாகப் புகுந்த வீட்டில் ஒவ்வொருவர் முகம் பார்த்து நடந்துகொள்ளப் பழகிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பெற்றோர் வந்து அழைத்துப்போகிறார்கள். அவள் தன் தாயின் அடுக்களையில் ஒரு மாதம் விரும்பிய நேரத்தில் உண்டு உறங்குகிறாள். ஆடிப்பெருக்குக்குப் புதுத்துணி எடுக்கிறார்கள். கணவன் வீட்டார் அவளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாயானவள், கேள்வி ஒன்றும் கேளாமல், முகத்திலிருந்தே படித்துக்கொள்கிறாள். வெளியில் ஆடிப்பட்டத்து விதைப்பு நடக்கும் காலம்; வீட்டில் கைகள் வேண்டியிருக்கும் காலத்திலேயே மருமகளை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. திருமணம் இரண்டு குடும்பங்களுக்கிடையே நிகழ்ந்த உடன்படிக்கை என்பதை முதலாண்டிலேயே நடைமுறையால் உறுதிசெய்யும் ஏற்பாடு இது. வெயிலைக் காரணமாகச் சொன்ன மாத்திரத்தில் அந்தத் தாயும் மகளும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

அம்மை நோயைப் பற்றிய வாதத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் அங்கே இழக்கப்படுவது மிகப் பெரிது. வேப்பிலைக் கொத்தை நிலையில் செருகியது கிருமிகளை வடிகட்டுவதற்கு என்றும், நோயாளியைத் தனிமைப்படுத்தும் அறிவிப்பு அது என்றும் கூறுகிறார்கள். அறிவிப்பாகப் பயன்பட்டது என்பது மெய். வடிகட்டியாகப் பயன்பட்டது என்பது மெய்யாயின், நூற்றாண்டுதோறும் பெரியம்மை இந்நாட்டில் அத்தனை உயிர்களை வாரிக்கொண்டு போயிருக்க முடியாது. இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் கண்ட முறை 1802-இல் பம்பாய்க்கு வந்தது. அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக அலைந்து, ஒன்றே முக்கால் நூற்றாண்டு உழைத்த பிறகு, 1975-இல் இந்தியா பெரியம்மையின் கடைசி நோயாளியைக் கண்டது. 1980-இல் உலகமே அதிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமையை வேப்பிலைக்குச் சூட்டுவது உழைத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் நடந்தது என்ன? நோயாளியின் உடம்பில் அம்மாவே வந்து இறங்கியிருக்கிறாள் என்று வீட்டார் கருதினார்கள். ஆகவே அடுப்பில் தாளிப்பில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. உரத்த பேச்சில்லை, கடுஞ்சொல்லில்லை. இளநீரும் மோரும் ஆறிய கஞ்சியும் வேளைக்கு வேளை கொடுத்து, அரிப்பெடுத்த இடத்தை வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடி, வண்டியூர் மாரியம்மன் கோயில் தீர்த்தம் வாங்கிவந்து தெளித்து, உடம்பெல்லாம் முத்துப் போட்டுச் சீழ்வைத்துக் கிடந்த பிள்ளையை வணங்கத்தக்க ஒன்றாக நடத்தினார்கள். அருவருப்பு உண்டாக வேண்டிய இடத்தில் பக்தி உண்டாயிற்று. இறங்கியதும் வெயிலில் காய்ந்த நீரில் மஞ்சளும் வேப்பிலையும் இட்டுத் தலைக்கு ஊற்றி, மாவிளக்கு எடுத்து, அந்தப் பிள்ளையைத் திரும்பவும் ஊரோடு சேர்த்தார்கள். அதே ஊர்கள் தொழுநோயாளியை எப்படி நடத்தின என்பதை நினைத்துப் பார்க்கிறவருக்கு, அந்த நம்பிக்கை செய்த காரியத்தின் அருமை விளங்கும். நோயைத் தீர்க்க அதனால் முடியவில்லை; நோயாளியைக் கைவிடாமல் இருக்க முடிந்தது. இதைத் தனிமைப்படுத்தும் உத்தி என்ற ஒரு வறட்டுச் சொல்லுக்குள் அடைத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

சில வாதங்கள் நீண்ட மறுப்பைக்கூட வேண்டி நிற்கவில்லை. வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை மூளைக்கு இழுத்துவிடும் என்கிறார்கள். இரத்தத்து இரும்பு ஆணியிலுள்ள இரும்பைப்போலக் காந்தத்துக்கு ஓடுவதன்று. பூமியின் காந்தப் புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலிய காந்தத்துக்குள் இன்று மருத்துவமனைகளில் நோயாளிகளைப் படுக்கவைத்துப் படமெடுக்கிறார்கள், இரத்தம் ஒரு பக்கமாகத் திரள்வதில்லை. வடக்கே தலைவைத்துப் படுத்திருந்த யானையின் தலையைக் கொய்து பிள்ளையாருக்குப் பொருத்திய கதையைச் சொல்லித்தான் அம்மாச்சிமார் பிள்ளைகளின் பாயைத் திருப்பிப் போட்டார்கள். அந்தக் கதையே போதும். அரசமரம் இரவிலும் பிராணவாயுவை விடுகிறது என்பதும் அவ்வாறே ஆதாரமற்றது. வெளிச்சமின்றி அதற்கு அச்செயல் இயலாது.

முளைப்பாரியை விதையின் தரத்தை அறியும் பரிசோதனை என்று சொல்வதில் சற்றுச் சாமர்த்தியம் இருக்கிறது. விதையை அறிந்த குடியானவன் முளைவிட்ட சட்டியை ஒரு கண்ணால் பார்த்திருப்பான் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் பரிசோதனையென்றால் விதைப்புக்கு முன்னதாக நடக்க வேண்டும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆடியிலும் முளைப்பாரி உண்டு, பங்குனியிலும் உண்டு, புரட்டாசியிலும் உண்டு, அந்தந்த ஊர் அம்மனின் பொங்கலைப் பொறுத்தது. வயலில் வெயிலுக்கு வளரவேண்டிய தானியத்தை இருட்டறையில் வைத்து, வெளிறிய இளமஞ்சள் நிறத்தில் நெடிதாக வளரவிட்டு, அந்தி தோறும் சுற்றிவந்து கும்மியடித்து, இறுதியில் தலைமேல் சுமந்துபோய் நீரில் கரைத்துவிடுவது எந்த விதைப் பரிசோதனைக்கும் வேண்டாத சிரமம். வளர்த்தி குறைந்தால் பெண்கள் முகம் வாடுவது விதை கெட்டதற்காக அன்று. வீட்டுக்கோ ஊருக்கோ என்ன வரப்போகிறதோ என்ற கவலைக்காக.

விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி ஆகியவற்றை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாகாது என்ற வழக்கத்துக்கு, மின்விளக்கில்லாத காலத்தில் பொருள் கைதவறிப் போகும் என்ற காரணம் சொல்லப்படுகிறது. இதனை உள்ளூரில் மட்டும் வைத்துப் பார்த்தால் நம்பத் தோன்றும். ஆகவே வாசகரைச் சற்றுத் தொலைவுக்கு, அயர்லாந்து தேசத்துக்கு, அழைத்துப்போகிறேன். அத்தேசத்துக் குடியானவர் வீடுகளில் மே மாதத்து முதல் நாளன்று அடுப்பு நெருப்பையோ பாலையோ உப்பையோ எவருக்கும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் அவ்வாண்டு முழுவதும் அவ்வீட்டின் வெண்ணெய் வாங்கினவர் வீட்டுக்குப் போய்விடும் என்பது நம்பிக்கை. வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும்போது உள்ளே வந்தவர், மத்தை ஒரு தடவையாவது பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையேல் அவர் வெண்ணெயின் யோகத்தை எடுத்துச் சென்றுவிடுவார். பிப்ரவரி முதல் தேதிக்கு முந்திய மாலையில் புனித பிரிஜித்தின் பேரால் கோரையில் சிலுவை முடைந்து, கூரையிலும் வாசல்மேலும் செருகுவார்கள்; நெருப்பும் தீங்கும் அணுகா என்பார்கள். பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து நாம் கூரையில் செருகும் காப்புக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுகிறது. நம் காப்பை முதலுதவி மூலிகைப் பெட்டி என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் அயர்லாந்தின் கோரைக்கு என்ன மருத்துவகுணம் சொல்லப் போகிறார்கள்? அங்கே மே மாதத்தில் பகல் நீண்டு கிடக்கிறது, ஊசி தொலைவதற்கான இருட்டும் இல்லை. இரு தேசத்திலும் காக்கப்படுவது ஒன்றே: உழைத்தும் உறுதியாகப் பற்றிக்கொள்ள முடியாத ஒன்று, வீட்டின் இருப்பு. நாம் அதை இலட்சுமி என்கிறோம். மாடு இரண்டை நம்பிப் பிழைத்த அயர்லாந்துப் பெண் வெண்ணெயில் அதைக் கண்டாள்.

அயர்லாந்தார் இவ்வழக்கங்களுக்கு விஞ்ஞானக் காரணம் தேடி அலையவில்லை. 1935-இல் நாட்டார் வழக்காற்றுக்கென்று அரசாங்கமே ஓர் ஆணையம் நிறுவி, 1937 முதல் ஏறத்தாழ ஐயாயிரம் தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளைத் தத்தம் வீட்டுக் கிழவர் கிழவிகளிடம் அனுப்பி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவரச் செய்தது. அந்த நோட்டுகள் இன்றும் டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன. கிழவி சொன்ன காரணத்தைத் திருத்தாமல் எழுதியதே அவளுக்கு அவர்கள் செய்த மரியாதை.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகுந்த வேதனை தரும் பகுதி. சம்பிரதாயம் யாவும் விஞ்ஞானமே என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், கொடுமையான வழக்கத்துக்கும் அதே கவசம் கிடைத்துவிடுகிறது. மதுரை மாவட்டத்தில் பேரையூர் வட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், மாதவிலக்கான பெண்கள் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ‘முட்டுவீடு’ என்னும் கொட்டகையில் தங்கவேண்டும் என்ற விதி நம் காலத்திலும் நீடித்து வந்திருக்கிறது. பெண்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக முன்னோர் கண்ட ஏற்பாடு என்று இதற்கும் விளக்கம் தருகிறார்கள். ஓய்வு கொடுக்க விரும்புகிறவன் தன் வீட்டிலேயே பாய் விரித்துக் கொடுக்கலாம். தட்டைத் தனியே வைத்து, தீண்டினால் தீட்டு என்று விலகி நிற்பது ஓய்வன்று. கணவனை இழந்தவள் கலியாணப் பந்தலில் முன்வந்து நிற்கலாகாது, தன் மகளுக்கே திலகமிடலாகாது என்ற வழக்கத்துக்கு எந்தக் கிருமி, எந்தக் காந்தம், எந்தப் பிராணவாயு காரணம்? இவ்விடத்தில் வியாக்கியானகர்த்தாக்கள் மௌனமாகிவிடுகிறார்கள். கோலம் போற்றத்தக்கது, முட்டுவீடு இடிக்கத்தக்கது என்று பிரித்துச் சொல்ல நமக்கு அளவுகோல் வேண்டும். ஒரு வழக்கம் மனிதரைச் சேர்த்துவைக்கிறதா, தள்ளிவைக்கிறதா என்பதே அந்த அளவுகோல். விஞ்ஞானத்தின் பெயரை எல்லாவற்றின் மேலும் சமமாகப் பூசிவிட்டவர்களிடம் அந்த அளவுகோல் இல்லை.

விஞ்ஞானக் காரணம் சொல்லாவிட்டால் இளந்தலைமுறை இவற்றையெல்லாம் கைவிட்டுவிடும் என்பது அவர்களுடைய கடைசி அச்சம். சித்திரா பௌர்ணமியன்று விடியற்காலையில் வைகைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் எழாது. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் பயிர் செழிக்கும் என்றும், சிவப்பு உடுத்தினால் நாட்டில் சஞ்சலம் என்றும் நம்பி, பட்டின் நிறத்தைக் காண இலட்சோபலட்சம் பேர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். அவர்களில் இளைஞர்களும் பலர். பட்டின் நிறத்துக்கும் பருவமழைக்கும் பௌதிகத் தொடர்பு காட்ட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. அதனால் கூட்டம் குறைந்ததாகவும் தெரியவில்லை.

அந்த விழாவுக்கு விளக்கம் இல்லாமலும் இல்லை. விளக்கம் சரித்திரத்திலிருந்தும் ஊர் வழக்கிலிருந்தும் வருகிறது, தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டபோது, கோயிலைச் சூழ்ந்த சாதிகளும் குடியானவர்களும் அவ்விழாவில் எவ்வாறு பங்குகொள்கிறார்கள் என்பது விரிவாக வெளிவந்தது. மீனாட்சியின் திருக்கலியாணம் முன்பு மாசியில் நடந்தது. அதன் தடயமாகத் தேரோடும் தெருக்கள் இன்றும் மாசி வீதிகள். அழகர் ஆற்றில் இறங்கியது மேற்கே தேனூரில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டையும் சித்திரையில் மதுரையில் ஒன்றாக இணைத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. மக்களோ, தங்கையின் கலியாணத்துக்கு அண்ணன் காலந்தாழ்த்தி வந்து, முடிந்துவிட்டதறிந்து கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று கதை சொல்லி, அரசன் கூட்டிவைத்த இரு சமயத்து விழாக்களையும் அண்ணன் தங்கை உறவாக்கிக்கொண்டார்கள். அங்கே, வண்டியூர்ப் பக்கத்து வைகையில், மண்டூக முனிவருக்கு அழகர் மோட்சம் அளிக்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றே பெயர்.